பல் வண்டியில் ஒரு பிடி ராகி

ராகிக் கஞ்சி கொதிக்கிற வாசனை வந்ததும் சரளா சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சமையல்கட்டில் வந்திருந்தால் அது நல்ல வாசனை. ஓடுகிற வண்டியின் இன்ஜின் பெட்டிக்குள்ளிருந்து வந்தால் என்னத்தைச் சொல்ல? அடுப்புப் பற்றவைக்கவில்லை, பாத்திரம் ஏற்றவில்லை. சிக்மகளூரைத் தாண்டி, கைமரம் செக்போஸ்ட்டையும் தாண்டி, ஏழாவது வளைவோ எட்டாவது வளைவோ ஏறிக்கொண்டிருக்கிறது வண்டி. டிரைவர் சீட்டுக்கும் அவள் சீட்டுக்கும் நடுவில், இரும்பு மூடிக்குக் கீழே, யாரோ கூலியாட்களுக்குக் கஞ்சி காய்ச்சுகிற மாதிரி கமகமவென்று வருகிறது.

"இன்னாமே வாசனை?" என்றார் அவள் புருஷன் ஜெயராமன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"எங்கனா எஸ்டேட்டுல சமைப்பாங்க. நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

"எஸ்டேட்டுல சமைக்கிற வாசனை வளைவுக்கு வளைவு கூடவே வருமா?"

அதற்குள் சூட்டைக் காட்டுகிற முள் சிவப்பில் போய்ச் சாய்ந்துவிட்டது. வண்டி ஒரு தடவை இருமியது, இன்னொரு தடவை இருமியது, முன்பக்க இடுக்கிலிருந்து வெள்ளையாக ஆவி விட்டது. ஜெயராமன் மலையோரமாக, ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகிற ஒரு சின்ன மோரிப் பக்கத்தில் ஒதுக்கி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, சாவியைத் திருப்பினார். இத்தனை நேரம் காதில் இரைச்சல் இருந்ததே அது நின்ற பிறகுதான் தெரிந்தது. எங்கேயோ தண்ணீர் ஓடுகிற சத்தம். ஒரு குருவி. அவ்வளவுதான்.

"பாத்தியா," என்றார் அவர். "சொன்னேன்ல?"

இந்த ஒரு பேச்சுக்குத்தான் சரளா நாலு நாளாகப் பயந்துகொண்டிருந்தாள்.

பெங்களூர் நீலசந்திராவில் அந்த மேட்டடார் வண்டிக்குப் பல் வண்டி என்றுதான் பெயர். பல்லுக்கு வைத்தியம் பார்க்கிற ஒரு டிரஸ்ட்டின் வண்டி அது. டாக்டரையும் நர்ஸையும் ஏற்றிக்கொண்டு கோலார், சிந்தாமணி, தும்கூர்ப் பக்கத்து இஸ்கூல் இஸ்கூலாகப் போய் நிற்கும். பத்தொன்பது வருஷம் ஜெயராமன்தான் டிரைவர். டிரஸ்ட்டுக்குப் புது வண்டி வந்ததும், பழசை நீயே வைத்துக்கொள் என்று கொடுத்துவிட்டார்கள். பல் பிடுங்குகிற நாற்காலியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு பலகைக் கட்டில் போட்டார். சரளாவின் பழைய புடவைகள் ஜன்னலுக்குத் திரையாயின. ஒற்றை அடுப்பு ஒன்று வந்தது. வாய் கொப்பளித்துத் துப்புகிற தொட்டி மட்டும் கழலவே மாட்டேன் என்றது, அதையே பாத்திரம் கழுவ வைத்துக்கொள் என்றுவிட்டார். ஒரு வாரம் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள் சரளா. பளபளவென்றுதான் இருக்கிறது. ஆனாலும் அதில் அரிசி களையும்போதெல்லாம் யாரோ பின்னால் நின்று "துப்புங்க, துப்புங்க" என்பது மாதிரியே இருக்கும் அவளுக்கு. வெளியே பக்கவாட்டில் பெரிசாக ஒரு சிரிக்கிற பல், கை கால் முளைத்து, பிரஷ்ஷைத் தோளில் சாத்திக்கொண்டு நிற்கும். வெயிலில் நிறம் போயும் சிரிப்புப் போகவில்லை.

வண்டி தயாராகி ரெண்டு வருஷம் ஆகிறது. மலைக்குப் போகலாம், மலைக்குப் போகலாம் என்று சொல்லிச் சொல்லி ஒசூர்கூடத் தாண்டவில்லை. அதற்குள் ஜெயராமனுக்கு இருதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போனது.

"இஞ்சினா இருந்தா நானே மாத்திப்பேன்," என்று தெருவில் தமாஷ் பேசினாரே ஒழிய, உள்ளுக்குள் மனிதர் அரண்டுபோயிருந்தார். மாடிப்படி பன்னிரண்டு. ஆறாவது படியில் உட்கார்ந்துதான் ஏறவேண்டும். ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்று டாக்டரம்மா தேதி கொடுத்தார், ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. முதல் தடவை ஜெயராமன் ஜலதோஷம் என்றார். ரெண்டாம் தடவை அமாவாசை என்றார். மூன்றாம் தடவை காரணமே சொல்லவில்லை, காலையில் எழுந்து அல்சூர் ஏரிக்கரையில் போய் உட்கார்ந்துகொண்டார். மகள் சங்கமித்ரா ஆட்டோ பிடித்துப் போய்த் தேடிக் கூட்டிவந்தாள்.

டொமினிக்தான் காரணம். கூட வண்டி ஓட்டின ஆள், கூடப் பிறக்காத குறை. இதே ஆபரேஷனுக்குப் போனவன். முந்தின நாள் சாயங்காலம் ஜெயராமன்தான் அவனுக்கு முகம் மழித்துவிட்டார். "நாளன்னிக்கு வரும்போது சூடா ரெண்டு வடை எடுத்துகினு வா, இங்க உப்பில்லாம கொல்றானுங்க," என்றான். நாளன்றைக்கு வடையை எடுத்துக்கொண்டுதான் போனார். வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

நாலாவது தடவையாகக் கொடுத்த தேதி வருகிற திங்கள்கிழமை. இதையும் விட்டால் அப்புறம் என்னிடம் வந்து பிரயோஜனம் இல்லை, இருதயம் வீங்கிக்கொண்டே போகிறது என்று டாக்டரம்மா சரளாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவள் போட்ட சண்டையில் பக்கத்து வீட்டு ருக்மிணிகூடத் தன் டிவியை அணைத்துவிட்டாள். கடைசியில் ஜெயராமன் ஒரு பேச்சுப் பேசினார்.

"சரி. வண்டிய எடுத்துகினு மலைக்குப் போவோம். இந்த வண்டி என்னை மலை மேல கொண்டுபோய் விட்டுச்சுன்னா, வந்து நீ சொல்ற டேபிள்ல படுக்கறேன். ஏறாம நின்னுச்சுன்னா என்னை வுட்டுடு. அப்புறம் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

"யோவ், நாம புத்தர் படம் மாட்டின வூடு. சக்கரத்துக்குக் கீழ எலுமிச்சம்பழம் வெக்கிறவனப் பாத்துக் கெக்கேபிக்கேன்னு சிரிக்கிற ஆளு நீ. சகுனமா பாக்கற?"

"சிரிச்சதெல்லாம் ஹார்ட்டு நல்லா இருந்தப்போ."

அதற்கு மேல் என்ன பேச? சரளா ஒத்துக்கொண்டாள். மலைக்குப் போகலாமா என்று டாக்டரம்மாவைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார்.

வெள்ளிக்கிழமை விடிகாலை சாமான் ஏற்ற இறங்கி வந்தவள், வண்டியின் மூக்குக்குக் கீழே தரை நனைந்திருப்பதைப் பார்த்தாள். விரலால் தொட்டு முகர்ந்தாள். ரேடியேட்டர் தண்ணீர். முப்பத்திரண்டு வருஷம் டிரைவரோடு குடித்தனம் பண்ணினவளுக்கு இதுகூடத் தெரியாதா? மாடியில் அவர் குளிக்கிற சத்தம் கேட்டது. இறங்கி வந்து இதைப் பார்த்தால் தீர்ந்தது, "பாத்தியா, கெளம்பறதுக்கு முன்னாடியே" என்பார், வண்டியும் நகராது, திங்கள்கிழமையும் போச்சு. அவருடைய வாயாலேயே எப்போதோ கேட்ட பேச்சு அப்போது ஞாபகத்துக்கு வந்தது. "ரேடியேட்டர் ஒழுகினா ஒரு பிடி ராகி மாவக் கரைச்சு ஊத்திட்டுப் போய்க்கினே இருப்போம். சூட்டுல வெந்து ஓட்டையில போய் அப்பிக்கும். எத்தினி மலை ஏறியிருக்கேன் தெரியுமா!"

ஓடிப்போய் மாவு டப்பாவை எடுத்துவந்தாள். ஒரு பிடி. கரைத்து ஊற்றி மூடியைத் திருகினாள். மாடி வீட்டுக் குண்டு பல்பு வெளிச்சத்தில் உள்ளே தண்ணீரும் அவள் கையும் எல்லாம் பித்தளை நிறமாகத் தெரிந்தது. அவர் இறங்கி வரும்போது ஈரத்தின் மேல் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிக் கோலமும் போட்டுவிட்டாள்.

ஒன்று சொல்லவேண்டும். சரளா வைட்ஃபீல்டில் பெண்பிள்ளைகள் தங்குகிற ஒரு ஹாஸ்டலில் எண்பது பேருக்குச் சமைக்கிறவள். அவளுடைய பிடி ஊரார் பிடி இல்லை.

பேலூரில் இட்லி தின்ன நிறுத்தினபோது குனிந்து பார்த்தாள். சொட்டு இல்லை. மனசு லேசாகிப்போனது. கை கழுவித் திரும்பினால் அந்தப் பக்கம் ஜெயராமனும் ஒரு முழங்காலை ஊன்றி வண்டிக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் என்றால் பார்க்கத்தானே செய்வார் என்று நினைத்துக்கொண்டாள். எழுந்தவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. இட்லியைப் பிட்டபோது அவருடைய நகக்கண்ணெல்லாம் மஞ்சளாக இருந்ததைப் பார்த்துத்தான் திக்கென்றது.

"இன்னா இது, நகம் மஞ்சளா கீது? காமாலை கீமாலையா?"

"நேத்துக் கொழம்புக் கறை," என்று கையை மடக்கிக்கொண்டார்.

அப்போது சரி என்று விட்டுவிட்டாள்.

இப்போது, எட்டாவது வளைவில், ஜெயராமன் ஆவி அடங்கட்டும் என்று வண்டியை விட்டு இறங்கி, சக்கரத்துக்குக் கல் வைத்தார். ஒரு மரத்தில் இலையோடு கொப்பு ரெண்டு ஒடித்து வண்டிக்குப் பின்னால் இருபதடி தள்ளி ரோட்டில் போட்டார். வருகிறவன் வண்டி நிற்கிறது என்று தெரிந்துகொள்ளவேண்டுமே. அதைச் செய்ததற்கே மூச்சு வாங்கியது. மோரிக் கட்டையில் உட்கார்ந்துகொண்டார்.

ஒரு எஸ்டேட் ஜீப் கீழே இறங்கி வந்தது. ஜெயராமன் கையைக் காட்டிக் கன்னடத்தில் விஷயத்தைச் சொன்னார். "கிருஷ்ணப்பா இருக்காரு, டிராக்டர் ரிப்பேர் பாக்குறவரு. சொல்லி அனுப்பறோம், எப்ப வருவாருன்னு சொல்ல முடியாது," என்று அவர்களும் கன்னடத்தில் சொல்லிவிட்டுப் போனார்கள்.

எப்போது வருவாரோ! சரளாவுக்கு அந்த நேரம் போனதே தெரியவில்லை, போகாமல் நின்றதா என்றும் தெரியவில்லை. பத்து நாளைக்கு முன்னால் மழை பெய்து காப்பிச் செடியெல்லாம் பூத்திருந்தது. மலைச்சரிவு முழுக்கக் கொப்புக் கொப்பாக வெள்ளை. மல்லிகைக்கும் அதற்கும் வாசனையில் அண்ணன் தம்பி உறவு. அந்த வாசனையும் இன்ஜினிலிருந்து வருகிற கஞ்சி வாசனையும் கலந்து வந்தபோது, குற்றம் செய்தவளுக்குக்கூட ஒரு நிமிஷம் நன்றாகத்தான் இருந்தது. பள்ளத்திலிருந்து மூடுபனி எழும்பி வந்தது. அவசரமே இல்லாமல் ரோட்டைக் கடந்து, வண்டியைச் சுற்றி, சிரிக்கிற பல்லின் இடுப்புவரை வந்து நின்றுகொண்டது.

பைக்கில் நாலு பேர் வந்தார்கள். வைட்ஃபீல்டு ஆபீஸ் முகங்கள். பல்லோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

"ஆன்ட்டி, இது என்ன, மொபைல் டென்ட்டல் கேம்ப்பா?"

"ஆமாம்ப்பா. வாயத் தொற, ஒண்ணு புடுங்கிவுடறேன்."

சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். அவர்கள் சத்தம் பனிக்குள் போய்ச் சட்டென்று அணைந்தது.

வயிறு என்று ஒன்று இருக்கிறதே. சரளா பருப்பை ஏற்றினாள். மஞ்சள்தூள் போடலாம் என்று டப்பாவைத் திறந்தால் அடியில் ஒரு சிட்டிகைதான் ஒட்டிக்கொண்டிருந்தது. புதன்கிழமைதான் பாக்கெட் உடைத்து ரொப்பினாள், நன்றாக ஞாபகம் இருக்கிறது. ராகி போட்ட பதட்டத்தில் புத்தி பிசகி வேறு டப்பாவை எடுத்துவந்துவிட்டேனோ என்று தன்னையே திட்டிக்கொண்டு, மஞ்சள் இல்லாத வெளுத்த பருப்பை இறக்கினாள்.

"களி கிண்டறதுதான? குளிருக்கு நல்லா இருக்கும்," என்றார் ஜெயராமன் சாப்பிடும்போது.

"மாவு எடுத்தாரல."

"நீயா எடுத்தாரல? ராகி இல்லாம ஊருக்குப் போற பொம்பளையா நீ?"

"மறந்துட்டேன். சும்மா தின்னு."

அவள் குரலில் இருந்த சூட்டைப் பார்த்து அவர் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். பருப்பு ஏன் வெளுத்திருக்கிறது என்று அவரும் கேட்கவில்லை. சாதத்தை மட்டும் பிசைந்துகொண்டே இருந்தார்.

சாப்பிட்டதும் கட்டிலில் சாய்ந்தவள் தூங்கிப்போனாள். ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்து புடவைத் திரையை ஈரமாக்கியது. கனவில் பழைய நாற்காலி திரும்ப வந்திருந்தது. ஜெயராமன் அதில் சாய்ந்து ஆவென்று வாயைத் திறந்திருக்கிறார். டார்ச் அடித்துப் பார்க்கிறாள். உள்ளே பல் இல்லை, நாக்கு இல்லை, வளைந்து வளைந்து ஒரு ரோடு போகிறது, இரண்டு பக்கமும் வெள்ளைப் பூ, தூரத்தில் விரல் அளவுக்கு ஒரு வண்டி ஏறிக்கொண்டிருக்கிறது. "நிக்காத, நிக்காத," என்று அந்த வாய்க்குள் கத்துகிறாள். வண்டிக்குக் கேட்கவில்லை. ஏறிக்கொண்டே இருக்கிறது. சின்னதாகி, இன்னும் சின்னதாகி, மிளகு அளவு ஆகி, பனிக்குள் போய்விட்டது.

விழித்தபோது அவர் இல்லை.

மோரிக் கட்டையில் இல்லை. வண்டிக்குப் பின்னால் இல்லை. தண்ணீர் கேன் ஒன்றையும் காணோம். டாக்டரம்மா குடம்கூடத் தூக்கக் கூடாது என்றிருக்கிறார்! "யோவ்! இன்னாங்க!" என்று பனிக்குள் கத்திக்கொண்டே ஓடினாள். மூன்றடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் ஓடுகிற சத்தத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். ஓடைக் கரையில் ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார் மனிதர். பக்கத்தில் பாதி ரொப்பின கேன். நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது.

"அறிவு கீதா உனக்கு? ஆருய்யா உன்னைத் தண்ணி கேட்டது?"

"கத்தாத. ரேடியேட்டருக்கு ஊத்தணும்ல. ரெண்டு நிமிசம் குந்து."

பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நாடி தப்புத் தாளமாக அடித்தது.

"டொமினிக்கு கடைசி ஸ்கான்லகூட நல்லா இருந்தான்மே," என்றார் அவர், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு. "சிரிச்சுகினே உள்ள போனான். வண்டி ஓடிக்கினே இருக்கும்போது டக்குனு நின்னுடும் பாரு, அந்த மாதிரி." ஒரு கல்லை எடுத்து ஓடையில் போட்டார். "இதுவும் நின்னுடுச்சு. ஏறிடும்னு நெனச்சேன். நெசமாவே நெனச்சேன் சரளா."

நான்தான் மாவைக் கொட்டி நிறுத்தினேன், வண்டி மேல் தப்பு இல்லை என்று சொல்லிவிடலாமா? வாய்வரை வந்தது. சொன்னால் என்ன ஆகும்? வண்டி ஒழுகியது தெரிந்தும் மறைத்தாயா என்பார். சகுனம் இன்னும் பலமாகிவிடும். புருஷனைப் பிழைக்கவைக்கப் போய் நானே வாசலை அடைத்துவிட்டேனே என்று நினைக்க நினைக்க அழுகை முட்டியது. கேனைத் தான் எடுத்துக்கொண்டாள்.

"நட. மெதுவா. என் தோளப் புடி."

கிருஷ்ணப்பா வரும்போது மணி மூன்று இருக்கும். பனிக்குள் முதலில் மொபெட் சத்தம் வந்தது, அப்புறம் மஞ்சள் விளக்கு, கடைசியில் காது மூடின குல்லாயும் ஒரு கோணிப் பையுமாக ஆள். எஸ்டேட்டில் தமிழ் ஜனங்களோடு பழகினதில் தமிழ் பேசினார்.

"நமஸ்காரா. என்ன ஆச்சு? சூடு ஆச்சா?" என்றவர் முன்பக்க மூடியைத் தூக்கி, மூக்கை உள்ளே நீட்டினார். அப்படியே திரும்பி ரெண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தார். "ஊட்டா ரெடியா? சாப்பாடு?"

சரளா தலையைக் குனிந்துகொண்டாள்.

கீழே படுத்து ரேடியேட்டரின் அடிக் குழாயைக் கழற்றினார். தண்ணீர் கொட்டவேண்டிய இடத்தில் ஒன்றும் கொட்டவில்லை. ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினார். வாளிக்குள் தொப்பென்று விழுந்தது, நல்ல பதத்தில் வெந்த களி, உருண்டையாக. பின்னாலேயே இன்னொன்று. கிருஷ்ணப்பா எழுந்து உட்கார்ந்து, ஒரு விரலால் தொட்டு, முகர்ந்தார்.

"ராகி."

களியைப் பிட்டார். உள்ளே பழுப்புக்கு நடுவில் வரிவரியாக, திட்டுத்திட்டாகப் பளிச்சென்று வேறொரு நிறம். அதையும் முகர்ந்தார்.

"இது மஞ்சள்."

பிட்ட களியை ரெண்டு பேருக்கும் நீட்டிக் காட்டினார்.

"ஏன் சார்," என்றார் கிருஷ்ணப்பா, கோபமா சிரிப்பா என்று தெரியாத குரலில். "நாப்பது வருஷமா இந்த வேலை பண்றேன். ஒழுகுதுன்னு ராகி போடறவன் ராகி போடுவான். மஞ்சள் போடறவன் மஞ்சள் போடுவான். ஏதாவது ஒண்ணு போட்டிருந்தா மலை ஏறி இறங்கியிருக்கும். ரெண்டும் சேத்துப் போட்ட புண்ணியவானை இன்னைக்குத்தான் பாக்கறேன். ஓட்டைய மட்டும் இல்ல, எல்லாக் குழாயையும் அடைச்சுட்டீங்க. யாரு பண்ணது?"

"ராகி நான்தான் போட்டேன்," என்றாள் சரளா. பொய் சொல்ல இனிமேல் தெம்பு இல்லை. "காத்தால கெளம்பறதுக்கு முன்னாடி. ஒழுகிகினு இருந்துச்சு. அதப் பாத்தா இவரு வரமாட்டாருன்னு..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். ராகி அவள் போட்டாள். ராகி மட்டும்தான் போட்டாள். காலியான டப்பா, வெளுத்த பருப்பு, பேலூரில் மடக்கிக்கொண்ட விரல். மெல்லத் திரும்பி ஜெயராமனைப் பார்த்தாள்.

அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, இஸ்கூலில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி நின்றார்.

"கையக் காட்டு."

"இன்னாத்துக்கு?"

"காட்டுய்யா!"

காட்டினார். நகக்கண் பத்திலும் மஞ்சள்.

"எப்ப போட்ட?"

"நேத்து சாயங்காலம். நீ ருக்மிணி வூட்டுக்குப் போனப்போ. வண்டி ஓடிச் சூடானாதான அப்பிக்கும், அப்படியே வுட்டுட்டேன்." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. "ஒழுகுறது எனக்கு ஒரு வாரமா தெரியும்."

"தெரிஞ்சுமா மலைக்குக் கெளம்பின? வேணாம்னு சொல்றதுக்கு நல்ல சாக்கு, கையில கெடச்சிருக்கு. அத வெச்சே வூட்ல குந்தியிருக்கலாமே. நீ இன்னாத்துக்கு அடைச்ச?"

ஜெயராமன் ஒரு நகத்தை இன்னொரு நகத்தால் சுரண்டினார்.

"ஏறலன்னா படுக்கமாட்டேன்னு உங்கிட்ட வீம்பா சொல்லிட்டேன். சொல்லி முடிச்சப்புறம்தான் பயமே வந்துச்சு சரளா. நெசமாவே ஏறலன்னா இன்னா பண்றது? எனக்குச் சாவப் புடிக்கல. நேரா வந்து, ஆபரேஷன் பண்ணிக்கறேன்னு சொல்ல வாய் வரல. வண்டி ஏறிட்டா, நான் ஒண்ணும் சொல்ல வேணாம்ல. அதான்."

சரளா வாளியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். சிரிப்புத்தான் முதலில் வந்தது. சிரிக்கச் சிரிக்க அது அழுகையாகிவிட்டது. அவர் தோளில் ரெண்டு அடி அடித்தாள். அடித்த கையாலேயே அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, அதில் முகத்தை வைத்துத் தேம்பினாள். "பாவி, பாவி, நாலு நாளா நான் சோறு தின்னல தெரியுமா," என்றாள். கிருஷ்ணப்பாவுக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. புரிந்தவரைக்கும் போதும் என்று திரும்ப வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அடியிலிருந்தே கேட்டார், "அம்மா, சுடுதண்ணி வேணும். ஜாஸ்தி வேணும். ஆகுமா?"

எண்பது பேருக்குச் சமைக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா? சரளா முந்தானையைச் செருகிக்கொண்டாள். ஒற்றை அடுப்பில் குண்டான் மாற்றி குண்டான் ஏறியது. கிருஷ்ணப்பா ரேடியேட்டரைக் கழற்றிக் குப்புறப் பிடிக்க, அவள் கொதிநீரை ஊற்ற, குழாய் குழாயாகக் களி கழன்று விழுந்தது. முதலில் கெட்டியாக, அப்புறம் கூழாக, அப்புறம் மஞ்சள் தண்ணீராக, கடைசியில் வெறும் தண்ணீராக. ஜெயராமனை யாரும் ஒரு வேலை செய்ய விடவில்லை. மோரிக் கட்டையில் உட்கார்ந்து அது இப்படி, இது அப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஓட்டையான குழாயை கிருஷ்ணப்பா குறடால் இரண்டு பக்கமும் நசுக்கி மூடினார்.

"ஒண்ணு போனா என்ன? மிச்சம் இருக்கறது ஓடும்," என்றார். எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, சாவியைத் திருப்பச் சொன்னார். வண்டி ஒரு தடவை இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. முள் நடுவில் நின்றது.

"கீழ மெதுவா இறங்குங்க. மேல போகவேண்டாம்," என்றார் கோணிப் பையைக் கட்டிக்கொண்டே. "ஏத்தம் தாங்காது. பெங்களூர் போனதும் வேற ரேடியேட்டர் மாத்துங்க."

மேலே போகவேண்டாம். சரளாவுக்குச் சுருக்கென்றது. ஜெயராமன் ரோடு போகிற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தடிக்கு அப்பால் ரோடு இல்லை, வெள்ளைதான்.

"மேல இன்னா கீது?" என்று கேட்டார்.

"இந்த நேரத்துலயா? மேலயும் இதே பனிதான் சார்," என்றார் கிருஷ்ணப்பா. மொபெட்டை உதைத்துக் கிளப்பி, போகிற போக்கில் அந்தச் சிரிக்கிற பல்லை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். மொபெட் சத்தம் வளைவு வளைவாக இறங்கிக் குறைந்து இல்லாமல் போனது.

ஜெயராமன் ரோட்டில் போட்ட கொப்புகளை எடுத்து ஓரமாகப் போட்டார். சக்கரத்துக் கல்லை சரளா உருட்டித் தள்ளினாள். வண்டியை முன்னும் பின்னுமாக எடுத்து, மூக்கை இறக்கத்தைப் பார்த்துத் திருப்பினார். மேலே கொண்டுபோய் விடவில்லை வண்டி. அவர் என்ன சொல்லப்போகிறாரோ என்று அவள் கேட்கவும் இல்லை, அவர் முகத்தைப் பார்க்கவும் இல்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வளைவு போனது. இன்னொரு வளைவு. ஜன்னல் ஓரமாகக் காப்பிப் பூ வெள்ளையாக வந்து வந்து போனது.

மூன்றாவது வளைவில் ஜெயராமன் தொண்டையைக் கனைத்தார்.

"திங்கக்கெழம எத்தினி மணிக்கு வரச் சொல்லிச்சு அந்த டாக்டரம்மா?"

இத்தனை மாசத்தில் ஆஸ்பத்திரியைப் பற்றி அவராகக் கேட்ட முதல் கேள்வி அது. சரளா விரலில் சுற்றியிருந்த முந்தானையை அவிழ்த்துவிட்டாள்.

"ஏழு மணிக்கு. வெறும் வயித்துல."

"ம்." கியரை மாற்றினார். "அப்போ ஞாயித்துக்கெழம நல்லதா களி கிண்டிடு. வூட்ல ராகி கீதா, அத்தினியும் இங்க கொட்டிட்டியா?"

"அரை டப்பா கீது," என்றாள் சரளா. "கொழம்புக்கு மஞ்சத்தூள்தான் வாங்கணும்."